எவரெஸ்ட் அடிவார முகாம்: கால் வலியை விட உயரம்தான் சிக்கல்

நடை தொடங்கும் லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கும்போதே 2,860 மீட்டர் உயரம். மறுநாளோ அதற்கு மறுநாளோ நாம்சே பஜார், 3,440. இங்கே இரண்டு இரவு தங்குங்கள். ஓய்வு நாள் என்று போர்வைக்குள் படுத்துவிடக் கூடாது; பகலில் 300, 400 மீட்டர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்க வேண்டும். அதற்கு மேலே உள்ள டிங்போச்சே ஊரிலும் (4,410) இதே கதைதான். 3,000-ஐத் தாண்டினால் தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது.

ஏழெட்டு நாளில் போய்த் திரும்பும் திட்டங்களில் முதலில் வெட்டுப்படுவது இந்த இரண்டு நாள்தான். விளைவு இன்னும் மேலே, முகாமை நெருங்கும் லொபுச்சேயில் தெரியும்: தலைவலி, குமட்டல், சோறு இறங்காது. அதற்கு மேல் ஏறாதீர்கள். அப்படி இருப்பவரை, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும்.

நாம்சேக்கு மேல் இறைச்சி வேண்டாம், கீழிருந்து நாள்கணக்கில் சுமந்து வருவது. தால் பாத் (பருப்பும் சோறும்) போதும், கேட்டால் மறுபடி போடுவார்கள். தண்ணீர் வடிகட்டியையும் போன் பேட்டரியையும் உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நுண்குழல்கள் வழியே நீரை வடிக்கும் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது.

மூட்டை சுமந்த யாக் மாடு வந்தால் மலைச் சுவரோரம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்தே தள்ளிவிடும்.