மலாவியில் முதல் மூன்று மாதம்

ஆப்பிரிக்க நாடான மலாவிக்கு ஊழியத்துக்குப் போகும் தன்னார்வலர்களில் பலர், இறங்கிய மறுவாரமே வகுப்பெடுக்கவோ வார்டில் நிற்கவோ துடிப்பார்கள். அந்தத் துடிப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தண்ணீர், தூக்கம், சாப்பாடு, மனிதர்களிடம் பேசும் முறை ஆகியவை கைவராதவர்கள் ஆறாம் மாதத்தில் காய்ச்சலோடோ கசப்போடோ ஊர் திரும்புகிறார்கள். முதல் மூன்று மாதத்தை வீட்டையும் ஊரையும் பழகிக்கொள்ளவே ஒதுக்க வேண்டும். அனுப்பும் சபையும் அதற்குள் அறிக்கை கேட்டு நெருக்கக் கூடாது.

இது புதிய பாடமும் இல்லை. 1875-ல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் மலாவி ஏரிக்கரையில் கேப் மக்ளியரில் குடியேறினார்கள். காய்ச்சல் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. 1881-ல் பண்டாவேக்கும், 1894-ல் இன்றைய லிவிங்ஸ்டோனியா இருக்கும் மலைமேட்டுக்கும் பணித்தளம் இடம் மாறியது. கொசுதான் காரணம் என்று முதலில் வந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. ரொனால்டு ராஸ் சிகந்தராபாத்தில் அதற்கான ஆதாரத்தைக் கண்டது 1897-ல்தான்.

நமக்குத் தெரியும். தெரிந்தும் அலட்சியம் செய்கிறோம். நம்மூரில் மலேரியா என்றால் விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சல் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. மலாவியில் வருவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. மூளையைத் தாக்கினால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். க்ளோரோகுயின் மாத்திரை பலிக்காமல் போனதால் 1993-லேயே அதைக் கைவிட்ட நாடு அது. ஊரில் தெரிந்த டாக்டர் பழைய பழக்கத்தில் அதை எழுதிக் கொடுத்தால், பயணிகளுக்கான மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் மறுபடி கேளுங்கள். மலேரியா வராமல் தடுக்கப் பலருக்குக் கொடுக்கப்படுவது டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒன்று. கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, நாடு திரும்பிய பிறகும் 4 வாரம் விழுங்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டைக் கண்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்துக் காய்ச்சலில் படுப்பவர்கள் உண்டு. இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

கொசுவலையின் ஓரத்தை நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மருந்து தோய்த்த வலையை வாராவாரம் சோப்புத்தூள் போட்டு அலசி வெயிலில் காயவைத்தால் மருந்து போய்விடும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. நாளைக்குப் பார்க்கலாம் என்பது அங்கே ஆபத்து. மலேரியா என்று உறுதியானால் பெரியவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பது ஆர்டிமெத்தர்–லூமஃபான்ட்ரின். ஒரு வேளைக்கு 4 மாத்திரை. முதல் வேளைக்கு 8 மணி நேரம் கழித்து அடுத்தது. பிறகு இரண்டு நாள் காலையும் மாலையும். மொத்தம் 24. எண்ணெய்ப்பசையோ பாலோ வேர்க்கடலையோ சேர்ந்த உணவோடு போட்டால்தான் மருந்து உடம்பில் சரியாக ஏறும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை எடுத்துவைப்பது பெரிய தவறு.

மஞ்சள் காய்ச்சல் விஷயம் தனி. அந்தக் காய்ச்சல் உள்ள எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகப் போய்வருகிறவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்த இடமுண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்ட 10-ம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும்.

தண்ணீருக்குக் கிராமங்களில் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுக் கைப்பம்புதான். பம்பிலிருந்து வரும் தண்ணீர் பொதுவாக நன்றாகவே இருக்கும். கெடுவது வீட்டுக்கு வந்தபிறகு, குடத்துக்குள் டம்ளரோடு கையை விடும்போது. ஆகவே மூடியும் அடியில் குழாயும் உள்ள 20 லிட்டர் பக்கெட் ஒன்றை முதல் வாரமே வாங்குங்கள். குளோரின் மருந்தை அதன் புட்டியில் எழுதியிருக்கும் அளவில் விட்டு, அரைமணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். 2022 மார்ச்சில் தொடங்கிய காலரா அந்த நாட்டில் 1,700-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. பம்புக்கு ஊர்க் கமிட்டி இருக்கும். அதற்கான மாதப் பணத்தைக் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவது மரியாதை. பம்படியில் பெண்கள்தான் நிற்பார்கள். ஆண் தன்னார்வலர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. மொழி பழக அந்த வரிசையைவிடச் சிறந்த வகுப்பறை இல்லை.

துணி துவைப்பதில் ஒரு கண்டம் இருக்கிறது. புட்ஸி என்ற ஈ, வெளியே காயும் ஈரத்துணியில் முட்டை வைக்கும். அதை உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கொப்புளமாக வளரும். கரி இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி எல்லாத் துணியையும் இருபுறமும் தேய்க்க வேண்டும். வெளிச்சட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளாடையின் இடுப்புப் பட்டியையும் தையல் மடிப்பையும் விட்டுவிடுவார்கள்; கொப்புளம் வருவதும் அங்கேதான். தேய்க்க முடியாவிட்டால் துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்துங்கள். கொப்புளம் வந்துவிட்டால் நடுவிலிருக்கும் துளையை வாஸ்லின் தடவி மூடுங்கள். மூச்சுக்காகப் புழு வெளியே நீளும்போது மெல்ல எடுத்துவிடலாம். அதற்கு முன் அழுத்திப் பிதுக்கினால் புழு உள்ளேயே அறுந்து சீழ் பிடிக்கும்.

சாப்பாட்டில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. மக்காச்சோள மாவில் கிண்டும் என்சிமா நம் களியைப் போன்றதுதான். முதலில் கொஞ்சம் மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் கொதிக்கவிட்டு, பிறகு மாவைத் தூவித் தூவி மரத்துடுப்பால் கெட்டியாகும்வரை அடிப்பார்கள். சாப்பிடும் முன் எல்லார் கைக்கும் தண்ணீர் ஊற்றுவார்கள். தெற்கு மாவட்டங்களில் துவரை நன்றாக விளைகிறது, இந்தியாவுக்கும் ஏற்றுமதியாகிறது. சந்தையில் முழுப்பயறாகவே கிடைப்பதால் இரவே ஊறவைக்க வேண்டும். ஏரிக்கரைப் பக்கம் புளிய மரங்கள் உண்டு. பொனோங்வே என்று கேட்டால் தண்டுக்கீரை வகை தருவார்கள். ஆகவே பெட்டியில் பருப்பையும் புளியையும் அடைக்காமல், 3 லிட்டர் குக்கர் ஒன்றும், அதற்கு உபரி கேஸ்கட் இரண்டும், சேஃப்டி வால்வும் எடுத்துப்போங்கள். நம் உருண்டை முனை பிளக் அங்கே செருகாது. சதுர முனைக்கான அடாப்டர் வேண்டும். ஸ்வெட்டரும் வேண்டும். ஜூன், ஜூலையில் டெட்சா, ம்சூசு பக்கம் நல்ல குளிர். அந்தக் குளிருக்குக் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினால் நச்சுப்புகையில் உயிரே போகும்.

இந்தியத் தன்னார்வலருக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லித்தருவதில்லை. லிலோங்வேயிலும் லிம்பேயிலும் தலைமுறைகளாகக் கடை நடத்தும் இந்தியக் குடும்பங்கள் இருக்கின்றன. மலாவிக்காரர்கள் பலருக்கு இந்திய முகம் என்றால் முதலாளி முகம். அந்தக் கடைகளில் வேலை பார்த்தவர்களின் நல்லதும் பொல்லாததுமான நினைவுகள் உங்கள்மீதும் படியும். அதற்கு விளக்கம் சொல்லித் தீராது. வேலைக்காரர் என்று யாரையும் வெறும் பெயர் சொல்லி அழைக்காமல், பெரிய பெண்களை அமாயி என்றும் ஆண்களை அபம்போ என்றும் அழைப்பது, வலக்கை முழங்கையை இடக்கையால் தொட்டபடி பொருளைக் கொடுப்பது, வாசலில் நின்று ‘ஓடி’ என்று குரல் கொடுத்துப் பதில் வந்தபின் நுழைவது போன்றவற்றால் அது மெல்லக் கரையும். நலம் விசாரிக்காமல் எந்த வேலைப் பேச்சையும் தொடங்காதீர்கள். ஆராதனையில் முதல் ஞாயிறே உங்களை எழுப்பிப் பேசச் சொல்வார்கள். அங்குள்ள சிச்சேவா மொழியில் ஐந்து வாக்கியம் மனப்பாடமாக இருந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மலிரோ, அதாவது சாவு வீடு. ஊரில் ஒருவர் இறந்தால் வேலை நிற்கும். ஆசிரியரும் நர்ஸும் போய்விடுவார்கள். இதைப் பொறுப்பின்மை என்று எழுதி அனுப்பும் தன்னார்வலர் அந்த ஊரைப் புரிந்துகொள்ளவில்லை. நீங்களும் போக வேண்டும். பெண்கள் சிதெஞ்சே துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு மற்றப் பெண்களோடு தரையில் அமர்வார்கள். ஆண்கள் வெளியே தனியாக. பேச வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். துக்கப் பணத்தை நோட்டில் பெயரோடு எழுதுவார்கள். ஊர்க்காரர் கொடுப்பதைவிடப் பல மடங்கு கொடுத்தால் அடுத்த சாவுக்கும் அதே அளவு எதிர்பார்க்கப்படும். மூப்பரிடம் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் போடும்போதே வாரத்துக்கு இரண்டு பாடவேளையைக் காலியாக விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பண உதவி கேட்டு வருகிறவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை கூடுவார்கள். பழைய சோளம் தீர்ந்து புதியது விளையாத மாதங்கள் அவை. பசி உண்மையானது, கேட்பவரைச் சந்தேகிக்காதீர்கள். ஆனால் கடனாகக் கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாதவர் உங்கள் வாசலைத் தவிர்க்கத் தொடங்குவார். மாதம் இவ்வளவு என்று முடிவு செய்து, சபையின் உதவி நிதி வழியாகக் கொடுங்கள். வீட்டில் உதவிக்கு ஆள் வைத்தால் சம்பளத்தை எழுதி வைத்துக் குறித்த தேதியில் தருவதோடு, அறுவடை முடிந்து விலை குறைந்திருக்கும் மே, ஜூனிலேயே அவர் வீட்டுக்கும் சேர்த்து 50 கிலோ சோள மூட்டைகளை வாங்கி வையுங்கள். 2023 நவம்பரில் மலாவி நாணயமான க்வாச்சாவின் மதிப்பு குறைக்கப்பட்டதில், டாலரின் விலை ஒரேயடியாக 44 சதவீதம் ஏறியது. சம்பளத்தைக் கூட்டித் தருவதைவிட அறையில் அடுக்கிய மூட்டைதான் பிப்ரவரியில் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடும். ஈரம் ஏறாமல் மூட்டைகளைத் தரையில் படாதபடி பலகைமேல் அடுக்க வேண்டும்.