எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்

கேதார்நாத் போய் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் யார் வீட்டுப் பெரியவர்கள் வடக்கே யாத்திரை கிளம்பினாலும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். எத்தனை ஸ்வெட்டர் வேணும், எந்த ஷூ நல்லது, குதிரைக்காரன் எவ்வளவு கேட்பான், இதுதான் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவர்கள் கேட்காமல் போகிற ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான், அதையும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில். மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும். பிறந்ததிலிருந்து கடல் மட்டத்திலேயே மூச்சு விட்டுப் பழகிய குடும்பம். அப்பாவுக்கு 71, பதினைந்து வருஷமாக பிரஷர் மாத்திரை. அம்மாவுக்கு 66, சர்க்கரை, ராத்திரிக்கு மட்டும் இன்சுலின். ராயபுரம் அத்தைக்கு 69, இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் மாடிப்படி என்றாலே முருகா என்பார். இந்த மூன்று பேரையும் நானும் தம்பியும் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிற கோயிலுக்குக் கூட்டிப்போவது என்று முடிவானபோது, எதுக்கு இந்த வயசில் என்று நான்தான் முதலில் முட்டுக்கட்டை போட்டேன். சம்பந்தரும் சுந்தரரும் கேதாரத்துக்கு நேரில் போகவில்லை, காளத்தியில், அதாவது காளஹஸ்தியில் இருந்தபடியே பாடினார்கள் என்றுதான் பெரிய புராணம் சொல்கிறது, காளத்தி இங்கே பக்கத்தில்தானே இருக்கிறது என்றேன். “அவங்களுக்குப் பாட வந்துது, அங்கிருந்தே பாடிட்டாங்க. நமக்குத்தான் பாட வராதே, நேர்லதான் போவணும்” என்றார் அம்மா. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது.

கைலாயத்துக்கு அரசாங்கம் நடத்துகிற யாத்திரையில் 70 வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள், உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்றுகூட கணக்குப் பார்ப்பார்கள். கேதாருக்கு அப்படி வயது வரம்பு எதுவும் கிடையாது. பதிவு செய்துவிட்டால் போகலாம். அதனால் வேண்டாம் என்று சொல்கிற வேலையும் பார்த்துப் போங்கள் என்று சொல்கிற வேலையும் நம் தலையில்தான்.

நாலு மாதம் முன்னாலேயே டாக்டரிடம் போனோம். இசிஜி, எக்கோ, அப்பாவுக்கு டிரெட்மில், கூடவே சாதாரண ரத்தப் பரிசோதனை. அந்தச் சாதாரண பரிசோதனையில்தான் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. மேலே போனால் காற்றில் ஆக்ஸிஜன் விகிதம் குறைவதில்லை, காற்றின் அழுத்தம்தான் குறைகிறது, கேதாரில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்கு இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். கிடைக்கிற அதையும் சுமந்து போக ரத்தத்தில் ஆள் இல்லாவிட்டால் எப்படி என்று டாக்டர் கேட்டார். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. கிளம்பும்போது 11.6. இதைப் பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி வாட்ஸப்பில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். உயரத்துக்கு உடம்பு சீக்கிரம் பழக அது உதவும், உண்மைதான். ஆனால் அத்தைக்கு சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாது, ஒருமுறை உடம்பெல்லாம் தடித்திருக்கிறது. டயமாக்ஸும் வேதியியல்படி அந்தச் சாதியோடு உறவுள்ள மாத்திரைதான். டாக்டர் இரண்டு பேருக்கு எழுதினார், அத்தைக்கு எழுதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போட்டாரே என்று நாமும் வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை இது. தூக்க மாத்திரையும் அப்படித்தான், மேலே தூக்கம் வராது, வராவிட்டால் பரவாயில்லை, மாத்திரை போட்டால் மூச்சு இன்னும் மந்தமாகும்.

பயிற்சிக்கு வருவோம். வடசென்னையில் மலைக்கு எங்கே போவது? இங்கே ஏறி இறங்க இருப்பது மெட்ரோ ஸ்டேஷன் படிகள்தான். தேரடி ஸ்டேஷனில் காலை ஆறு மணிக்கு அப்பா ஏறி இறங்குவார். முதல் வாரம் செக்யூரிட்டி, “ஐயா, லிஃப்ட் அந்தப் பக்கம்” என்று காட்டிக்கொண்டே இருந்தார், இரண்டாவது வாரம் விஷயம் தெரிந்ததும் அவரே எண்ண ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி திருத்தணி, 365 படி. புது ஷூவை மூன்று மாதமும் அதே படிகளில் போட்டுப் பழக்கினோம். இரண்டு மாதத்தில் அப்பா தம்பியை முந்திக்கொண்டு ஏறினார். தெருவில் நெஞ்சு நிமிர்த்தி நடந்தார். கால் பலம் வேறு, உயரம் தாங்குவது வேறு, மாரத்தான் ஓடுகிறவனையும் உயரம் படுக்க வைக்கும் என்று டாக்டர் சொன்னதை அப்பா காதிலேயே வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும்தான்.

துணி விஷயத்தில் பெரிய போராட்டம் அம்மாவோடு. புடவை கட்டிக்கொண்டு குதிரையில் உட்கார முடியாது, நடந்தாலும் ஈரப் புடவை காலைச் சுற்றும். எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் வாழ்க்கையில் முதல் தடவையாக சுடிதார் போட்டுப் பார்த்தார். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர் துப்பட்டாவை முந்தானை மாதிரி இடுப்பில் செருகியிருந்தார். கடைப்பெண் சிரிக்கவே இல்லை, நல்ல பெண், “ஆண்ட்டி, பத்து வயசு குறைஞ்சு போச்சு” என்று ஒரே வார்த்தை. மூன்று செட் வாங்கினோம். உள்ளே தெர்மல், மேலே சுடிதார், அதற்கு மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் ரெயின்கோட்.

அடுத்தது யாரும் வெளியில் பேசாத சங்கதி. வயதான பெண்கள் வெளியூர்ப் பயணம் என்றாலே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பாத்ரூம் எங்கே இருக்குமோ, எப்படி இருக்குமோ என்ற பயம். மலையில் இது ஆபத்து, அங்கே குளிரில் தாகமே தெரியாது, வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே உடம்பு நீர் போய்க்கொண்டிருக்கும், தலைவலி வந்தால் அது தண்ணீர் குறைந்த தலைவலியா உயரத்துத் தலைவலியா என்று நமக்கும் பிடிபடாது. பெரியவர்களுக்கான டயாப்பர் வாங்கி வந்து மேஜையில் வைத்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அத்தைதான் வழி சொன்னார். “உன் புருஷனுக்குத் தெரியப் போறதில்ல, சிவனுக்குத் தெரிஞ்சா அவன் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டான், போட்டுக்கோ.” வீட்டிலேயே நாலு நாள் போட்டுப் பழகினார்கள். மலையில் இருவரும் மணிக்கொரு தடவை தைரியமாகத் தண்ணீர் குடித்தார்கள். எல்லா ஏற்பாட்டிலும் அதிகம் உதவியது இதுதான் என்பேன்.

தரிசனத்துக்கு முன்னால் பச்சைத் தண்ணீர் குளியல், ஒன்றும் சாப்பிடாமல் ஏறுவது, இந்த இரண்டையும் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அங்கே போய் விவாதம் பண்ணினால் ஜெயிக்க முடியாது. சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றில் ஏறவே கூடாது. இன்சுலின் உறைந்தால் வீண், அதனால் பையில் வைக்காமல் உள்சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்தோம், சர்க்கரை பார்க்கிற மெஷினையும்தான். மாத்திரைகள் இரண்டு செட், இரண்டு வேறு பைகளில். கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சு வரும் என்று வழியெல்லாம் பொட்டலம் விற்பார்கள், வாசனையாக இருக்கும், அவ்வளவுதான். ஆக்ஸிஜன் டின் சில நிமிஷம் வரும், விமானத்தில் அனுமதி கிடையாது, அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏறலாம் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து.

மொழிக்காக ஒரு அட்டை. சௌகார்பேட்டையில் தெரிந்த பாத்திரக்கடைக்காரர் பெயர், வயது, நோய், மாத்திரை, எங்கள் போன் நம்பர் எல்லாம் இந்தியில் எழுதிக் கொடுத்தார். மூச்சு வரவில்லை என்று சொல்ல ஒரு வரியும் சொல்லிக் கொடுத்தார். சாஸ் என்றால் மாமியார், அதையே மூக்கால் சொன்னால் மூச்சு. அம்மாவுக்கு மூக்கு ஒத்துழைக்கவில்லை. குதிரையில் போகும்போது ஒத்திகை பார்க்கிறேன் என்று உரக்கச் சொல்ல, குதிரைக்காரப் பையன் வண்டியை நிறுத்துகிற மாதிரி குதிரையை நிறுத்திவிட்டுப் பின்னால் எந்த மாமியார் வரவில்லை என்று தேடினான்.

ஏஜென்ட் ஒருவர் கொடுத்த திட்டத்தில் ஹரித்வாரில் இறங்கிய மறுநாளே கேதார் இருந்தது. வேண்டாம் என்று நாங்களே போட்டோம். குப்தகாசியில் இரண்டு ராத்திரி, அது 1,300 மீட்டர் சுமார், அப்புறம் நடைபாதை தொடங்குகிற கௌரிகுண்டில் ஒன்று, அங்கே கிட்டத்தட்ட 2,000. ஹெலிகாப்டரில் போனால் கஷ்டமில்லை என்பார்கள், காலுக்குக் கஷ்டமில்லை, உண்மைதான். ஆனால் பத்து நிமிஷத்தில் கீழேயிருந்து மேலே கொண்டுபோய் இறக்கினால் உடம்புக்குச் சுதாரிக்க நேரமே இருக்காது. பொதுவாக மூவாயிரத்துக்கு மேல் போனால் தூங்குகிற இடத்தை நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது கணக்கு. கேதார் பாதையில் அதை முழுசாகக் கடைப்பிடிக்க முடியாது, 2013 வெள்ளத்தில் வழியிலிருந்த ராம்பாரா ஊரே அடித்துக்கொண்டு போனபிறகு பாதையும் நீண்டுவிட்டது. முடிந்தவரை உடைக்கலாமே என்று வழியில் லிஞ்சோலியில் ஒரு ராத்திரி தங்குவதாகத் திட்டம்.

கிளம்புவதற்கு முதல் நாள் தியாகராஜர் கோயிலில் வடிவுடையம்மன் சன்னதிக்கு முன்னால் மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கினேன். தலை வலித்தால், குமட்டினால், மூச்சு வாங்கினால் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் திட்ட மாட்டோம், யார் திரும்பினாலும் கேள்வி கேட்கக் கூடாது. அப்பாதான் முதலில் கையில் அடித்தார்.

அத்தை டோலியில், அம்மா குதிரையில், அப்பா நடந்து. எவ்வளவு கெஞ்சியும் அவர் குதிரையில் ஏறவில்லை, தேரடியில் ஏறின கால் என்றார். லிஞ்சோலியில் சாயங்காலம் எப்படி இருக்கு என்று கேட்டேன். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.” ராத்திரி கேட்டேன், அதே பதில். சாப்பாடு பாதிதான் இறங்கியது, களைப்பு என்றார். காலையில் ஐந்து மணிக்கு ஃபிளாஸ்க் வெந்நீரில் காபி கலந்து நீட்டினேன். வேண்டாம்மா என்றார்.

எங்கள் அப்பா காபி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பாட்டி செத்த அன்றைக்குக்கூட இரண்டு தடவை குடித்தார்.

கையைத் தேய்த்துச் சூடாக்கி ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். விரல் ஜில்லென்று இருந்தால் தப்பாகக் காட்டும், அதனால் மூன்று தடவை பார்த்தேன். எங்களுக்கெல்லாம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88, 89 சதவீதம். அவருக்கு 76. ஸ்வெட்டர் பட்டனை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். ஒரு காலின் விரல் நுனியைத் தொட்டாற்போல் அடுத்த காலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன், தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், தள்ளாடவில்லை. ஆனால் வெளியே போய் வாந்தி எடுத்தார். ராத்திரி பத்து மணிக்கே தலை பிளந்ததாம், அதற்கு அப்புறம் சொன்னார். அங்கிருந்த மருத்துவ முகாமில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஏறாதீர்கள், உடனே இறங்குங்கள் என்றார்கள். கோயிலுக்கு இன்னும் நாலைந்து கிலோமீட்டர்தான். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு தூரம் வந்துட்டு…” என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். தம்பி அவரோடு இறங்கினான். கௌரிகுண்டு போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது, தலைவலி போய்விட்டதாம், உட்கார்ந்து ஆலு பராத்தா சாப்பிடுகிறாராம்.

முட்டி போன அத்தையும் சர்க்கரைக்கார அம்மாவும் மேலே போய் நந்தி பக்கத்தில் நின்று தரிசனம் பண்ணினார்கள். யாரை உயரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்றால் இதுதான்.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருநாள் அம்மா, கைலாயம் கிளம்பின அப்பரையே வயசான காலத்தில் உடம்பெல்லாம் தேய ஊர்ந்துபோன பிறகும் சிவன் திருப்பித்தானே அனுப்பினார் என்று ஆறுதல் சொல்லப் போக, “அவருக்குத் திருவையாத்துல காட்சி கொடுத்தாரு, எனக்குப் பராத்தாதான் கொடுத்தாரு” என்றார். அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

அதனால் பட்டியல் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, உங்கள் அப்பா அம்மா எதை ஒருநாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்பதுதான். காபியா, வெற்றிலையா, ராத்திரி சீரியலா, பேரனோடு வீடியோ காலா. அதை வேண்டாம் என்று சொன்னால் ஆக்ஸிமீட்டரை எடுங்கள். நல்லாயிருக்கீங்களா என்று மட்டும் கேட்காதீர்கள், பதில் உங்களுக்கே தெரியும்.

ஸ்வெட்டர்கள் பரண் மேல் இருக்கின்றன, யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். ஆக்ஸிமீட்டர் மட்டும் இப்போது கையில் இல்லை, மூன்றாவது வீட்டு மாமி வாங்கிப் போயிருக்கிறார், அக்டோபரில் பத்ரி போகிறார்களாம். அடுத்து வேண்டும் என்கிறவர்கள் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், பேட்டரியைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.