பேருந்தில் கண்ட கொரிய எழுத்து

இன்று காலை பரந்தனில் பேருந்து ஏறியபோது, பக்கத்தில் இருந்த தம்பி தன் கொப்பியில் கொரிய எழுத்துகளை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்.

ஒவ்வோர் எழுத்தின் கீழும் அதன் ஒலியைப் பென்சிலால் தமிழில் குறித்திருந்தார். "கொரியாவுக்கு வேலைக்குப் போகச் சோதனை இருக்கு, அண்ணை" என்றார்.

1960ஆம் ஆண்டளவில் இலங்கையினதும் தென்கொரியாவினதும் தனிநபர் வருமானம் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது.

பிறநாட்டுத் தொழில்நுட்பத்தைக் கற்று, அதைத் தன் தொழிற்சாலைகளில் ஊன்றி, பின்னர் தானே புதியவற்றை ஆக்கத் தொடங்கிய கொரியா உயர் வருமான நாடாகியது. நாமோ 2019இல் உலக வங்கியின் மேல் நடுத்தர வருமானப் பட்டியலில் ஏறி, மறு ஆண்டே கீழிறங்கினோம்.

1990இற்குப் பின் நடுத்தர வருமானத்திலிருந்து உயர் வருமானத்துக்கு ஏறியவை 34 பொருளாதாரங்களே என்று அவ்வங்கியின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அவற்றிலும் மூன்றிலொன்றுக்கு மேற்பட்டவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியமோ எண்ணெய் வளமோ கைகொடுத்தது.

வேகமாக வளர்வது மட்டும் போதாது, கொரியாவைப் போல் கற்றுப் புதியவற்றை ஆக்கவும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? இரணைமடுக் குளத்து நீரில் விளைந்த நெல்லை மூடையாகவே லொறியில் ஏற்றிவிடும் எங்கள் ஊரில், படித்த பிள்ளையின் உழைப்பும் அப்படியே ஏறிப் போவது எனக்கு வலிக்கிறது.

கிளிநொச்சியில் இறங்குமுன் அவர் என் பெயரைக் கேட்டு, கொரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்.