சிமுலேஷன் கேள்விக்கு எக்செல்லில் படியுங்கள்

முதுகலையில் மென்பொருள் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் தாளுக்குப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மான்டே கார்லோ பகுதியை, அதாவது வேலைகள் முடியும் நாட்களைத் தற்செயலாக எடுத்துத் திட்டத்தைப் பல முறை ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனை, புத்தகத்தை மட்டும் வைத்துப் படிக்காதீர்கள், பக்கத்தில் எக்செல் திறந்திருக்கட்டும். எனக்குப் பாடம் பிடிபட்டது அங்கேதான்.

ஒரு வேலைக்கு மூன்று மதிப்பீடுகளை வைத்து நாட்களைக் கணிக்கும் பெர்ட் (PERT) முறை 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது என்று ஒரு வரி எழுதினால் போதும். கணக்குதான் முக்கியம். ஒரு வேலைக்குக் குறைந்தது 4 நாள், பெரும்பாலும் 6, ரொம்ப இழுத்தால் 14 என்றால் பெர்ட் சராசரி (4 + 4×6 + 14) ÷ 6 = 7 நாள். பரவல் என்பது எத்தனை நாள் ஆக எவ்வளவு வாய்ப்பு என்று காட்டுவது; இதே எண்களை முக்கோண வடிவப் பரவலில் போட்டால் சராசரி (4 + 6 + 14) ÷ 3 = 8. அதனால் எந்தப் பரவலை எடுத்தீர்கள் என்பதை விடையில் கட்டாயம் எழுதுங்கள்.

நன்றாக உழைக்க வேண்டிய இடம், பல பாதைகள் வந்து சேரும் புள்ளி. லாகின், பேமெண்ட், ரிப்போர்ட் ஆகிய மூன்று மாட்யூல்களும் முடிந்தால்தான் ஒருங்கிணைப்பு டெஸ்டிங் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 10 நாளில் முடிய 50% வாய்ப்பு இருக்கிறது. ஒன்றை ஒன்று பாதிக்காது என்றால் மூன்றும் அதற்குள் முடிய வாய்ப்பு வெறும் 12.5%. பெர்ட் கணக்கு ஒரே கிரிட்டிக்கல் பாதையை (அதிக நாள் பிடிக்கும் வேலைத் தொடரை) பிடித்துக்கொண்டு போவதால் இந்த ஆபத்து அதில் தெரியவே தெரியாது. சிமுலேஷனின் மதிப்பே இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

செய்து பார்ப்பது சுலபம். எக்செல்லின் மூன்று பத்திகளில் (column) மூன்று மாட்யூல்களுக்கும் நீங்கள் எடுத்த பரவலிலிருந்து தற்செயலாக எடுத்த நாட்கள், நான்காவதில் அவற்றில் பெரியது. ஆயிரம் வரிசைக்கு இழுத்துவிடுங்கள். எண்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றை மதிப்புகளாக ஒட்டிவிட்டு, அப்புறம் நான்காவது பத்தியை ஏறுவரிசையில் அடுக்குங்கள். 800ஆவது எண்தான் மூன்றும் முடிய ஆகும் நாட்கள் என்று 80% நம்பிக்கையோடு வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடியது.

சரி, முடிவெடுக்க இது எப்படி உதவும்? எந்த மாட்யூல் எத்தனை முறை கடைசியாக முடிந்தது என்று எண்ணுங்கள். 600 முறை பேமெண்ட் என்றால் அனுபவமுள்ள ஆளை அங்கே மாற்றலாம். அவர் அந்த மாட்யூலின் நிரலைப் (code) புரிந்துகொள்ளப் பிடிக்கும் நாட்களையும் சேர்த்து மறுபடி ஓட்டி, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். விடைத்தாளில் இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

வைவாவுக்குப் போகிறவர்கள் வேலைகளுக்கு இடையிலான தொடர்பையும் பார்த்துவிட்டுப் போங்கள். மூன்று மாட்யூல்களும் ஒரே டேட்டாபேஸ் ஆளுக்காகக் காத்திருந்தால், ஒன்று தள்ளிப்போகும்போது மற்றவையும் தள்ளிப்போகும். மூன்றும் முழுக்கச் சேர்ந்தே நகர்ந்தால் அந்த 12.5% மறுபடி 50% ஆகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைகளில் இதே தொடர்பு மொத்த நாட்களின் பரவலை அகலமாக்கும்.