எபேசியர் நாலும் எங்கள் ஊர் அசனமும்

செப்டம்பர் 1, ஞாயிறு

ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள். 28-ஆம் தேதி கோவில் பிரதிஷ்டைப் பண்டிகை, அன்றைக்கே அசனம், சபை முழுக்கக் கூடிச் சாப்பிடும் விருந்து. மற்ற வருஷங்களில் இந்த அறிவிப்பு வந்தால் போதும், "கிடா ஒண்ணு நம்ம வீட்டுக் கணக்கு", "தேங்காய் என் பொறுப்பு" என்று கோவில் வாசலிலேயே பேச்சு கிளம்பிவிடும். இன்று அவரவர் கும்பலோடு நின்று கலைந்தார்கள். சபை நிர்வாகத்துக்கான சேகரத் தேர்தல் முடிந்து மாதக்கணக்காகிறது, அணிகள் மட்டும் கலையவில்லை. ஜெயித்தவர்கள் வலப்பக்கப் பெஞ்சு, தோற்றவர்கள் இடப்பக்கம். ஊரிலிருந்து வந்திருந்த மதினி சுற்றிப் பார்த்துவிட்டு, "கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு உட்கார்ந்த மாதிரில்லா இருக்கு" என்றாள்.

செப்டம்பர் 4, புதன்

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்த மாதம் எபேசியர் நாலாம் அதிகாரம், எபேசு சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் ஒற்றுமையைப் பேசும் பகுதி. நடத்துவது நான். அதிகாரம் பிடித்ததுதான், ஆனால் இந்த வருஷம் அதை எடுக்கக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வசனத்திலேயே ஒரு பெரியம்மா முடித்து வைத்துவிட்டார். "ஒற்றுமைன்னா வாயை மூடிட்டு இருக்கணும். அதைச் சொல்லிட்டு ஜெபம் பண்ணிருவோம்." பாதிப் பேர் தலையாட்டினார்கள். அப்படியே 25-ஆம் வசனத்துக்குப் போகச் சொன்னேன். "நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாயிருக்கிறபடியால், பொய்யைக் களைந்து, அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்." ஒரே சரீரம், அதனால் சும்மா இரு என்று பவுல் எழுதவில்லை. ஒரே சரீரம், அதனால் உள்ளதைச் சொல் என்கிறார். அடுத்த வசனத்தில் கோபத்துக்குக்கூட இடம் இருக்கிறது. பொழுது சாயும் வரைக்கும்தான் அனுமதி.

சபையில் ஒற்றுமை, ஒற்றுமை என்று யார் அதிகம் பேசுகிறார்கள் என்று கவனித்தால் தெரியும். பெரும்பாலும் கணக்குக் கேட்கப்பட்டவர்கள்.

செப்டம்பர் 11, புதன்

மழை. நாலைந்து பேர்தான் வந்தார்கள். கொரிந்து சபையைத் தொட்டுவிட்டு முடித்தோம். "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று அணி கட்டியவர்களைப் பவுல் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, குழந்தைகள் என்கிறார். இன்னும் பால்தான் கொடுக்க முடிகிறதாம். திட்டு வாங்கியிருந்தால்கூட மனசுக்குத் தேவலை.

செப்டம்பர் 15, ஞாயிறு

27-ஆம் தேதி, பிரிந்து கிடந்த பல சபைகள் ஒன்றாகி தென்னிந்திய திருச்சபை உருவான நாள். அதையொட்டி வாலிபர் கூட்டத்தில் அசரியா பேராயரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர், 1874-இல் பிறந்தவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். 1912-இல் தோர்ணக்கல் பேராயர். இங்கிலாந்து திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். பையன்களுக்கு இதெல்லாம் பரிசுத் தேர்வுக்குப் படித்ததுதான். நான் சொல்ல நினைத்தது அதற்குப் பிறகு நடந்த இழுபறியை.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் பல சபைப் போதகர்கள் கூடினார்கள், பெரும்பாலும் இந்தியர். இந்தப் பிரிவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல, வெளியிலிருந்து எங்கள்மேல் வைக்கப்பட்டவை என்று அறிக்கை விட்டார்கள். நியாயம்தான். இங்கிலாந்தில் நடந்த சண்டைக்கு நாசரேத்தில் எதற்குத் தனிக்கோவில்? ஆனால் சேர்வதற்கு 28 வருஷம் பிடித்தது. சிக்கல் பேராயர் பதவியில். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்தால்தான் குருத்துவம் என்பது ஆங்கிலிக்கன் மரபு. பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் போதகர்களுக்கு அந்த அபிஷேகம் கிடையாது. மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், இத்தனை வருஷம் நாங்கள் கொடுத்த திருவிருந்து என்ன கணக்கு என்று அவர்கள் கேட்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் இது மனச்சாட்சி விஷயம்.

கடைசியில் எடுத்த முடிவு என்னவென்றால், இருக்கிற போதகர்கள் எல்லாரும் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ளப்படுவார்கள், இனி அபிஷேகம் பேராயர் வழியாக நடக்கும், 30 வருஷம் போகட்டும், பிறகு உட்கார்ந்து பார்ப்போம். எந்தச் சபைமேலும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ ஊழியரையோ திணிப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தார்கள். கருத்து ஒன்றாகிவிட்டது என்று யாரும் நடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. பேராயரே இல்லாத பிரெஸ்பிட்டேரியன் மரபில் போதகரான லெஸ்லி நியூபிகின், 1947-இல் மதுரை–இராமநாதபுரம் பேராயராக நின்றார்.

எல்லாரும் சேர்ந்துவிடவும் இல்லை. ஆந்திராவின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் பலர் வெளியே நின்றார்கள். தரங்கம்பாடியிலேயே வேர் பிடித்த லுத்தரன் திருச்சபை இன்றுவரை தனிதான். அசரியாவும் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1-ஆம் தேதி போய்ச்சேர்ந்தார். சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இணைப்பு ஆராதனை நடந்தது 1947 செப்டம்பர் 27.

ஒரு பையன் கேட்டான்: "அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிரிவு, சரி. நம்ம ரெண்டு அணியை யாரு கப்பல்ல கொண்டுவந்தா?" கூட்டத்தில் சிரிப்பு. எங்கள் போதகர் ஐயரவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தில் வரும் எயோதியாளும் சிந்திகேயாளும். சுவிசேஷ வேலையில் பவுலோடு பாடுபட்டவர்கள், ஆனால் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. என்ன சண்டை, யார் பக்கம் நியாயம் என்று ஒரு வரிகூட இல்லை. சபை முழுக்கக் கேட்க வாசிக்கப்படும் கடிதத்தில் இருவருக்கும் தனித்தனியாகப் புத்தி சொல்கிறார், உதவி செய்ய இன்னொருவரையும் ஏவிவிடுகிறார். இதை வாசித்தபோது பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் எதிரெதிரே இருந்தார்கள். யாரும் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே.

செப்டம்பர் 27, வெள்ளி

ராத்திரி காய் வெட்டு. கத்தரிக்காயும் வெங்காயமும் பாயில் குவிந்து கிடந்தன. அரிவாள்மனை போதவில்லை, அதனால் அணி பார்த்து உட்கார வழியில்லை, மனை காலியான இடத்தில் உட்கார்ந்தோம். அந்த இருவரில் ஒருத்தி வெட்டிப் போட, மற்றவள் தண்ணீர்ச் சருவத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரத்தில் அவர்கள் பேசியது ஒன்றுதான். "காம்பு தடிமனா விடாதீங்க மதினி." அது குத்தலா, ஒட்டுதலா என்று பக்கத்தில் இருந்த எனக்கே புரியவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

நேற்று நல்லபடியாக முடிந்தது. குழம்பில் காரம் ஒரு பிடி கூடுதல். கடைசிப் பந்திக்குக் கறி தட்டுப்பாடு, எலும்புதான் விழுந்தது.

இன்று ஆராதனைக்குப் பிறகு கணக்கு வாசித்தார்கள். விறகுச் செலவு வந்ததும் இடப்பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி எழுந்து, பில் எங்கே என்றார். சத்தம் கிளம்பப் போகிறது என்று ஐயரவர்கள் ஜெபத்துக்கே எழுந்துவிட்டார். செயலாளர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விறகு பில் மட்டும் இதில் இல்லை. புதன்கிழமை கொண்டுவருகிறேன்" என்றார். கேட்டவர், "சரி, புதன்கிழமை பார்ப்போம்" என்று உட்கார்ந்தார். ஐயரவர்கள் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார்.

அப்புறம் வாடகை அண்டாக்களை வண்டியில் ஏற்ற ஆள் தேடினார்கள். ஒரு காதை செயலாளர் பிடித்தார், மறு காதை அந்த அண்ணாச்சி.

புதன்கிழமை பில் வர வேண்டும். வராவிட்டால் இந்தத் தடவை கேட்பது நானாக இருக்கும்.