சின்னத்தாத்தாவின் பெயர்

ஜூலை 14, 2019, ஞாயிறு. யாங்கோன்

விடாத மழை. நகருக்குப் பக்கத்திலிருக்கும் தான்லின் போய் அத்தைப்பாட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவின் அத்தை, எண்பத்தெட்டு வயது. சின்னத்தாத்தாவைப் பற்றி ஊரிலிருந்து பெரியப்பா மகன் கேட்டிருந்தார்.

"இதே மழையிலதான் எங்கண்ணன் செத்தாக. எழுபத்தஞ்சு வருசம் ஆச்சுப்பா" என்றார் பாட்டி.

சின்னத்தாத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து பர்மாவுக்குக் கப்பலேறி வந்தவர். தான்லினுக்கு அப்போது சிரியம் என்று பெயர். அங்கே எண்ணெய் ஆலையில் வேலை. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் நெருங்கியதும் வெள்ளைக்காரர்களே ஆலையைக் கொளுத்திவிட்டுப் பின்வாங்கினார்கள். வேலை போயிற்று, ஊர் திரும்பக் கப்பலும் இல்லை. லட்சக்கணக்கான பேர் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். படுக்கையில் கிடந்த அம்மாவையும் பதினொரு வயதுத் தங்கையையும் விட்டுப் போக இவருக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடம் நேதாஜியின் படையான இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்தார்.

"காக்கி உடுப்போட வந்து கறிச்சோறு தின்னாக. டில்லியைப் பிடிச்சிட்டு அப்படியே ஊருக்குப் போயி, அடகு வச்ச நிலத்தைத் திருப்பிட்டு நம்மளக் கூப்பிட்டுக்கிறேன் ஆத்தான்னு அம்மாகிட்டச் சொன்னாக."

ஜூலை 17

மழை. கடையில் ஆளில்லை. பாட்டி சொன்ன மீதியை இன்றாவது எழுதிவிட வேண்டும்.

1944 மார்ச்சில் ஜப்பானியப் படையோடு இம்பாலை நோக்கிப் போனவர்களில் இவரும் ஒருவர். கூடப் போய் உயிரோடு திரும்பிய ஒருவர்தான் வீட்டில் வந்து விவரம் சொல்லியிருக்கிறார். குண்டு பட்டுச் செத்தவர்களைவிடப் பசியிலும் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்கள்தான் அதிகமாம். அரிசி தீர்ந்த பிறகு காட்டுக்கீரையை வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். மருந்து கிடையாது. ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தபோது சின்னத்தாத்தாவால் நிற்கவே முடியவில்லை. பர்மாவின் இந்திய எல்லையில் இருக்கும் தமுவிலிருந்து கலேவா வரும் பாதையில், ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு வந்தார்களாம். "நீ போ, எங்க ஆத்தாவைப் பாத்துக்க" என்று சொன்னாராம்.

1942இல் நம் சனங்கள் நடந்து போன வழிகளில் அதுவும் ஒன்று. அன்றைக்கு அம்மாவை விட்டுப் போக மாட்டேன் என்று இருந்த மனிதரை அதே பாதை இரண்டு வருடம் கழித்து வாங்கிக்கொண்டது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

ஜூலை 19

தியாகிகள் தின விடுமுறை. தவுக்கியான் போர்க் கல்லறைக்குப் போனேன். யாங்கோனுக்கு வடக்கே, பியே சாலையில் இருக்கிறது. பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டுச் செத்த வீரர்களுக்கானது. 6,374 கல்லறைகள். நடுவில் உயரமான தூண்கள், அவற்றில் உடல் கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள். பெரும்பாலும் இந்தியர்கள். மதராஸ் ரெஜிமெண்ட் இருக்கும் இடத்தைத் தேடிப் போனால் எல்லாம் நம் ஊர்ப் பெயர்கள். வாய்விட்டுப் படித்தேன். இவர்களும் பிழைக்கப் போன வீட்டுப் பிள்ளைகள்தான், இவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் சின்னத்தாத்தா பிரிட்டிஷாரை எதிர்த்துப் போனவர். அவர் பெயர் அங்கே இருக்காது. தெரிந்துதான் போனேன், இருந்தும் தூண் தூணாகத் தேடினேன். சிங்கப்பூரில் ஐஎன்ஏ வீரர்களுக்காக 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தையும் பிரிட்டிஷார் திரும்பி வந்தவுடன் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தோற்ற பக்கத்தில் செத்தவனுக்கும் ஒரு தாய் இருந்தாள் அல்லவா?

ஜூலை 22

அத்தைப்பாட்டி போனில் லோகநாதனைப் பற்றிச் சொன்னார். மேஜர் ஜெனரல் லோகநாதன், தமிழர், டாக்டர். 1945 ஏப்ரல் 24 அன்று நேதாஜி ரங்கூனை (இன்றைய யாங்கோன்) விட்டுக் கிளம்பினார். ஜப்பானியரும் போய்விட்டார்கள். பிரிட்டிஷ் படை வந்து சேரும்வரை நகரத்தில் கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொண்டது இவரும் இவருடைய ஐஎன்ஏ ஆட்களும்தான். நம் பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை.

ஜூலை 31, ஆடி அமாவாசை

இறந்த தேதி தெரியாதவருக்கு அமாவாசைதான் திதி. சின்னத்தாத்தாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, செய்ய வேறு வாரிசு இல்லை. அதனால் நானே எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அய்யர் பெயரைக் கேட்டபோது சத்தமாகச் சொன்னேன்.

அதைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "எங்க மாமாவும் அந்தப் பட்டாளந்தான் தம்பி, போப்பா மலைப் பக்கம் போனவரு, வரவேயில்லை" என்றார். அவர் பெயரையும் குறித்துக்கொண்டேன். அப்புறம் இன்னும் சிலர் வந்து சொன்னார்கள்.

இதற்கென்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். பெயர், இந்தியாவில் எந்த ஊர், பர்மாவில் எங்கே வேலை, கடைசியாகப் பார்த்தது எங்கே. உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது போய்த் திரும்பாமல் இருந்தால் எழுதி அனுப்புங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் மட்டும் தெரிந்தாலும் போதும். ஞாயிற்றுக்கிழமை பகோ போகிறேன், அங்கே ஒரு பெரியவர் நிறையப் பேரைச் சொல்வார் என்கிறார்கள்.