குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில்?

"மாரடைப்பா? அது எங்க பரம்பரை வியாதி" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வழக்கம். பேச்சைத் தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு மாரடைப்பு வந்தது, அப்போது என்ன வயது. வயது தெரியாவிட்டால், தனுஷ்கோடி அழிந்த 1964 புயலின்போது அவர் கைக்குழந்தையா, வலை இழுக்கிற ஆளா என்று கேட்டுக் கணக்கிடலாம். "கடலில் இறந்தார்" என்றால் அதோடு விடாதீர்கள்; படகு கவிழ்ந்ததா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாரா? அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்கு முன்பும், அம்மா, அக்கா, தங்கைக்கு 65க்கு முன்பும் வந்திருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

பிரஷருக்கு ஒரே மரபணு காரணமில்லை. அதைப் பாதிக்கிற இடங்கள் நம் மரபணுத் தொகுப்பில் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் ஏற்றும். அவற்றில் சில, சிறுநீரகம் உப்பை வெளியேற்றும் விதத்தை மாற்றுபவை. அதனால் ஒரே குழம்பைச் சாப்பிட்டும் ஒருவருக்கு மட்டும் ஏறலாம். நாளுக்கு 5 கிராம் உப்புதான் அளவு, ஒரு தேக்கரண்டி. கருவாட்டை இரண்டு முறை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினாலும் உப்பு முழுதாகப் போகாது. அந்தக் குழம்பில் தனியாக உப்புப் போட வேண்டாம்.

கொழுப்பு விஷயம் வேறு. சில குடும்பங்களில் அது ஏற ஒரே மரபணுப் பழுது போதும். ரத்தத்தில் உள்ள எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைக் கல்லீரல் சரியாக இழுத்துக்கொள்ளாது. மருந்தில்லாத நிலையில் பெரியவர்களுக்கு எல்டிஎல் அளவு பெரும்பாலும் 190ஐ (mg/dL) தாண்டி நிற்கும். ஒல்லியாக, நாள் முழுக்க உழைக்கிற உடம்பிலும் இது இருக்கும் என்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்கா மகளையோ அத்தை மகனையோ கட்டி இருவருக்குமே இருந்தால், நான்கில் ஒரு வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வரும். பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரக்கூடும். விரல் முட்டியிலும் குதிகாலுக்கு மேலேயும் மஞ்சள் கட்டி தெரிந்தால் மரு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

ஒருவருக்கு இந்தக் கொழுப்புப் பழுது உறுதியானால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் லிப்பிட் சோதனை (ரத்தக் கொழுப்புச் சோதனை) செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு 10 வயதுக்குள். "அளவு இறங்கிவிட்டது" என்று கொழுப்பைக் குறைக்கிற ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண்ணுக்கே திரும்பும், மரபணு அப்படியேதான் இருக்கிறது.